கறுப்பு பார்த்து வாங்கிய டிவி

கடையில் அணைத்து வைத்திருந்த பதினேழு டிவிகளின் கறுப்பில் அவர்கள் மூன்று பேரும் சும்மா நின்றுகொண்டிருந்தார்கள். பதினெட்டாவதில் நீலக் கோட்டு போட்ட உருவத்தின் கை மட்டும் ஓங்கியிருந்தது.

அவள் சட்டென்று பக்கத்தில் பார்த்தாள். வேலையிலிருந்து நேராக வந்திருந்த கணவன், அதே நீலக் கோட்டின் பைகளில் இரண்டு கைகளையும் விட்டுக்கொண்டு அமைதியாக நின்றிருந்தான்.

சுவரில் இருந்த எல்லா டிவிகளையும் அணைக்கச் சொன்னது அவன்தான். விற்பனையாளர் பாவம், ரிமோட்டைப் பிடித்துக்கொண்டு இது விளையாட்டா நிஜமா என்று தெரியாமல் விழித்தார்.

"எல்லாத்தையுமா சார்?"

"எல்லாத்தையும்தான். ஓடுற டிவியக் காட்டி யார வேணும்னாலும் ஏமாத்தலாம். இருபது வருஷமா நான் இதப் பிரிச்சு மாட்டிக்கிட்டிருக்கேன். அணைஞ்சிருக்கறப்போ பாத்தாதான் அதோட லட்சணம் தெரியும்."

வண்ண மீன்களும் பனிமலைகளும் ஒரு நொடியில் செத்துப்போய், சுவர் முழுக்கக் கறுப்புச் சதுரங்களாக நின்றது. டிவி மெக்கானிக்கான அவன் ஒவ்வொன்றாகப் போய்க் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தான். ஓரத்தில் சாம்பல் படிகிறதா, நடுவில் திட்டு இருக்கிறதா என்று தேடினான். பின்பக்கம் விரல் முட்டியால் தட்டிக் காது கொடுத்தான். காற்றுத் துளைகளில் மூக்கை வைத்து முகர்ந்தான். எட்டு வயது மகள் சுண்டுவும் அப்பாவைப் போலவே ஒவ்வொன்றாக முகர்ந்துகொண்டு பின்னால் போனாள்.

சுண்டுவின் அம்மா பதினெட்டாவதை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. அந்தத் திரையில் தான் எங்கே நிற்கிறோம் என்று தேடினாள். காணவில்லை. கோட்டு மறைத்திருக்கும் என்று நினைத்துக்கொண்டாள். அந்த உருவம் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றது. எதிரே நிற்பவனின் முதுகு எப்படித் திரையில் தெரியும் என்று அப்போது அவளுக்குக் கேட்கத் தோன்றவில்லை. அவள் பார்த்தது ஓங்கிய கையைத்தான். அந்தக் கையை அவளுக்கு நன்றாகத் தெரியும்.

"இதுதான்," என்றான் கணவன், சரியாக அதன் முன்னால் போய் நின்று. "இந்தக் கறுப்பப் பாரு. கிணத்துக்குள்ள எட்டிப் பாக்கற மாதிரி இருக்கு. பத்து வருஷத்துக்கு அசைக்க முடியாது."

"இதுல ஒண்ணுகூட ரிப்பேர்னு திரும்பி வந்ததில்ல சார்," என்றார் விற்பனையாளர்.

"இது வேணாங்க," என்றாள் அவள்.

"ஏன்?"

"என்னமோ மாதிரி இருக்கு."

"டிவி வேற எப்படி இருக்கும், பசு மாடு மாதிரியா?" என்று அவன் சிரித்தான். சுண்டுவும் சிரித்தாள். அறுபத்தைந்து அங்குல டிவி வேனில் ஏறிவிட்டது.

அவன் சிரித்தபோது மறுத்துப் பேச அவளுக்கு மனம் வரவில்லை. அந்தச் சிரிப்புக்கு வயது நாலு மாதம்தான். அதற்கு முன்பெல்லாம் அவனுக்கு மூக்குக்கு மேலே கோபம். ஒரு வருடத்துக்கு முன்னால் அவளுடைய இடது மணிக்கட்டு உடைந்தது. படியில் விழுந்துவிட்டேன் என்று டாக்டரிடம் சொன்னாள், டாக்டரும் நம்பியதுபோல நடந்துகொண்டார். பிறகு பழைய டிவியில் கோடு விழுந்த அன்றைக்கு, "ஊர் டிவியெல்லாம் சரியாகுது, நம்ம வீட்டு டிவிதான் பாவம்" என்று வாய் தவறிக் கேலி செய்துவிட்டாள். சுத்தியல் அவள் காதை உரசிக்கொண்டு போய்த் திரையில் இறங்கியது. அவன் அதை எடுத்து மறுபடி அடித்தான். மறுபடியும் அடித்தான். டிவி தூளாகிற வரை, அவளைப் பார்த்துக்கொண்டே அடித்தான். சுண்டு கட்டிலுக்கு அடியில் போய் ஒளிந்துகொண்டிருந்தாள்.

மறுநாள் காலையில் அந்தச் சுத்தியலைக் கழுவித் துடைத்து அவள் கையில் கொடுத்தான். "இது இனிமே உன்கிட்டயே இருக்கட்டும். எங்க வச்சிருக்கேன்னு நானே கேட்டாலும் சொல்லாத," என்றான். அவன் அழுததை அவள் பார்த்தது அன்றுதான். சுத்தியலைப் பழந்துணி மூட்டைக்குள் சுற்றி வைத்தாள். அதற்குப் பிறகு அவன் குரல்கூட உயரவில்லை.

இந்த நாலு மாதம் நிஜமா, வெறும் இடைவேளையா? அவளுக்குத் தெரியவேண்டியது அது ஒன்றுதான். நிஜமென்றால் இருக்கலாம். இல்லையென்றால் சுண்டுவைக் கூட்டிக்கொண்டு அக்கா வீட்டுக்குப் போய்விட வேண்டும், கை மறுபடி ஓங்குவதற்கு முன்னால்.

வாசல் கதவுக்கு நேர் எதிர்ச் சுவரில் டிவியை மாட்டினான். நடுவில் சோபா. முதல் மூன்று நாள் மூவரும் அதன்முன் சப்பணமிட்டு உட்கார்ந்து பார்த்தார்கள். படம் அவ்வளவு தெளிவாக இருந்தது. வில்லன் மூக்கில் இருந்த மச்சத்தில் முளைத்த முடியைக்கூட எண்ணிச் சுண்டு சந்தோஷப்பட்டாள்.

நாலாம் நாள் மதியம், அவன் வேலைக்கும் சுண்டு பள்ளிக்கும் போயிருந்தபோது, அவள் டிவியை அணைத்துவிட்டுத் துணி மடித்துக்கொண்டிருந்தாள். ஜன்னல் வெயில் தரையில் நீளமாகக் கிடந்தது, புது பிளாஸ்டிக்கின் இனிப்பான வாசனை அறை முழுக்க நின்றது, சூடு ஆறுகிற டிவியின் உடம்பிலிருந்து டிக் என்று ஒரு சத்தம், கொஞ்சம் விட்டு இன்னொரு டிக் என்று வந்துகொண்டிருந்தது. தலையை நிமிர்த்தினாள். திரையில் அவர்கள் வீட்டுக் கூடம் இருந்தது. சோபா இருந்தது. அதில் உட்கார்ந்திருந்த அவள் இல்லை. சோபாவுக்குப் பின்னால், வாசல் கதவைப் பார்த்து, இந்தப் பக்கம் முதுகைக் காட்டிக்கொண்டு நீலக் கோட்டு குனிந்திருந்தது. அதன் கை மேலே போனது. கையில் சுத்தியல். இறங்கியது. டிக்.

திரும்பிப் பார்த்தாள். பின்னால் யாரும் இல்லை. கதவு பூட்டியிருந்தது.

திரையில் கை மறுபடி மேலே போனது. டிக். சோபா ஓரத்தில் தரையோடு ஒரு பாதம் மட்டும் நீட்டிக்கொண்டிருந்தது. ஒவ்வோர் அடிக்கும் அது துள்ளியது.

ஓடிப்போய் மூட்டையைப் பிரித்தாள். சுத்தியல் சுற்றி வைத்தபடியே இருந்தது. அதன் கனத்தைக் கையில் வாங்கிய பிறகுதான் அவளுக்கு மூச்சு வந்தது.

அன்றிலிருந்து பகலெல்லாம் டிவியை ஓடவிட்டாள். "யாருமே பாக்காத டிவி யாருக்கும்மா ஓடுது? திரை தேஞ்சுடும்," என்றான் கணவன். போர்வையால் மூடினாள். அவன் வந்ததும் எடுத்துவிட்டான். "மூடாத, சூடு வெளிய போகணும். உனக்கு அதப் பாத்தா என்னதான் பயம்?" என்று தணிவாகத்தான் கேட்டான். "ஒண்ணுமில்லங்க," என்றாள். அவன் அவளையும் போர்வையையும் கொஞ்ச நேரம் யோசனையாகப் பார்த்துக்கொண்டிருந்தான். அந்தப் பார்வையும் அவளைப் பயமுறுத்தியது.

சாயங்காலம் வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்த சுண்டுவிடம் மெல்லக் கேட்டாள். "டிவி ஓடாதப்போ அதுல உனக்கு ஏதாவது தெரியுதா?"

"கோட்டு போட்டுக்கிட்டு நிக்கறவங்களா?"

அவள் சுண்டுவின் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"அப்பாவா அது?"

"தெரியலம்மா. முகமே காட்ட மாட்டேங்கறாங்க," என்று சொல்லிவிட்டுச் சுண்டு பென்சிலைச் சீவினாள்.

இரவு கணவனின் பக்கத்தில் படுத்து அவன் மூச்சை எண்ணிக்கொண்டே முடிவு செய்தாள். நாளைக்குப் பெட்டி கட்டுவது. நாலு மணிக்குப் பள்ளி வேன் வந்ததும் சுண்டுவை வாசலிலேயே பிடித்துக்கொண்டு அப்படியே பஸ் ஏறுவது. அதற்கு முன்னால் அந்தத் திரையை உடைத்துவிடுவது. அதை அப்படியே விட்டுவிட்டுப் போனால் அதில் தெரிவது பின்னாலேயே வரும் என்று அவளுக்குத் தோன்றியது. அது இல்லாமல் போனால் அதில் தெரிந்ததும் இல்லாமல் போகும்.

மறுநாள் மூன்றே முக்கால் மணி. பெட்டி கதவோரம் தயாராக இருந்தது. மூட்டையைப் பிரித்துச் சுத்தியலை எடுத்தாள். திரை உடைந்தால் தூள் தோலுக்குள் இறங்கிவிடும், கெட்டித் துணி போடாமல் கிட்டே போகாதே என்று பழைய டிவியின் உடைசலைப் பெருக்கிய அன்றைக்கு அவன் சொல்லிக் கொடுத்திருந்தான். ஆணியில் அவனுடைய இன்னொரு கோட்டு தொங்கியது. மாட்டிக்கொண்டாள். ஈயம் உருகிய வாசனையும் அவன் வியர்வையும் கழுத்தைச் சுற்றிக்கொண்டன. கை நீளம். மடித்துவிட நேரமில்லை.

திரையைப் பார்க்காமல், கண்ணை மூடிக்கொண்டு அடித்தாள்.

சுத்தியல் எகிறி வந்தது. திரையில் ஒரு கீறல்கூட இல்லை. மறுபடி அடித்தாள். தோள்வரை அதிர்ந்தது. பழைய மணிக்கட்டு சுரீரென்றது. பத்து வருஷத்துக்கு அசைக்க முடியாது என்று அவன் சொன்னது சரிதான்.

பின்னால் பூட்டில் சாவி திரும்பியது.

கணவன். இந்த நேரத்தில் அவன் வருவதில்லை. உள்ளே வந்து, பழக்கத்தில் கதவைச் சாத்தி, ஷூவைக் கழற்றிவிட்டு நிமிர்ந்தான். கக்கத்தில் ஒரு பை. அவளைப் பார்த்தான். சுத்தியலைப் பார்த்தான். கதவோரத்துப் பெட்டியைப் பார்த்தான்.

"என்ன பண்ற?"

"அங்கயே நில்லுங்க."

"எங்க கிளம்பிட்ட?"

"கிட்ட வராதீங்க!"

"முதல்ல அதக் குடு."

அவன் வந்தான். அவள் சோபாவைச் சுற்றிக்கொண்டு கதவுப் பக்கம் ஓடினாள். குறுக்கே வந்து நின்றான். முகம் சிவந்திருந்தது. கை உயர்ந்தது. சுத்தியலை வாங்கவா. அடிக்கவா. அவளுக்குத் தெரியவில்லை. அந்தக் கையை அவளுக்குத் தெரியும்.

அடித்தாள்.

நெற்றியில் விழுந்தது. ஈரமான சத்தம். அவன் ஆச்சரியப்பட்டவனைப் போல அவளைப் பார்த்தபடியே முட்டி மடங்கினான். "ஏய்…" என்றான். எழுந்துவிடுவான். எழுந்தால் விடமாட்டான். மறுபடி அடித்தாள். ரத்தம் வாயில் உப்பாகத் தெறித்தது. மறுபடி. உடைந்த மணிக்கட்டுக்காக. மறுபடி. அன்றைக்குக் கட்டிலுக்கு அடியில் ஒளிந்த குழந்தைக்காக. மறுபடி. எதற்காக என்று தெரியாமல். டிக். டிக். டிக்.

கை ஓய்ந்தபோது அறையில் அவள் மூச்சு மட்டும் கேட்டது.

அவன் கொண்டுவந்த பை வாய் பிளந்து கிடந்தது. உள்ளேயிருந்து சாம்பல் நிறத் துணி ஒன்று வெளியே சரிந்திருந்தது. விரல் நுனியால் இழுத்துப் பார்த்தாள். டிவிக்கு அளவெடுத்துத் தைத்த உறை. பின்பக்கம் காற்றுத் துளைகள் வருகிற இடங்களிலெல்லாம் வட்டம் வட்டமாக வெட்டி, ஓரம் மடித்துத் தைத்திருந்தது. மூடினாலும் சூடு வெளியே போகும்.

ஐயோ என்று வாய்விட்டுச் சொன்னாள்.

சோபா ஓரத்தில், தரையோடு, காலுறை போட்ட ஒரு பாதம் நீட்டிக்கொண்டிருந்தது. ஒரு தரம் துள்ளியது. நின்றது. அப்போதுதான் தன் கையைப் பார்த்தாள். நீலக் கை. முழங்கை வரை நனைந்த, நீளமான நீலக் கை.

மெதுவாக டிவியின் பக்கம் திரும்பினாள்.

திரையில் கூடம் இருந்தது. சோபா. பாதம். நீலக் கோட்டு. ஆனால் அது திரும்பவில்லை. அவள் நேருக்கு நேர் நின்று பார்த்துக்கொண்டிருக்க, அது இன்னும் முதுகைக் காட்டிக்கொண்டு, கதவைப் பார்த்தபடியே நின்றிருந்தது.

வெளியே வேனின் ஹாரன். படிகளில் தடதடவென்று சின்னக் கால்கள். கதவு தட்டப்பட்டது.

"அம்மா! கதவத் திற! எனக்குப் பசிக்குது!"

ஓடிப் போயிடு என்று கத்த நினைத்தாள். நாக்கு அசையவில்லை. சுத்தியலைப் போட நினைத்தாள். விரல்கள் விடவில்லை.

திரையில் நீலக் கோட்டு நிமிர்ந்தது. பாதத்தைத் தாண்டியது. சுத்தியலை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டது. கதவை நோக்கி நடந்தது. தாழ்ப்பாளில் கையை வைத்தது.

அவள் நின்ற இடத்திலேயே நின்றாள். அசையவில்லை. இன்னும் அசையவில்லை.

"அம்மா?"

அவளுடைய வலது கை, மெல்ல, முதுகுக்குப் பின்னால் போனது.