ஆறாவது பிணம்... அவசரம்!

"ஐயோ!"

மயானத்துச் சுவரைத் திருத்த வந்த மேசன் கடப்பாரையைப் போட்டுவிட்டு அலறினான்.

இடிந்த செங்கல்லுக்குப் பின்னால்... விஷவாயு முகமூடி போட்ட ஓர் எலும்புக்கூடு!

1994 நவம்பர், வெள்ளிக்கிழமை. லண்டனில், ஃபாரஸ்ட் கேட் பக்கத்துப் பழைய யூத மயானம். காவலாளி தியாகராஜா ஓடிவந்து அதை மறைத்துக்கொண்டு நின்றார்.

பின்னே? பதினொரு வருடத்துக்கு முன்பு அதை உள்ளே வைத்துச் சுவரெழுப்பியவரே அவர்தானே!

1940-இல் ஜெர்மன்காரன் குண்டு போட்டபோது, அக்கம்பக்கத்துச் சனம் இந்த மயானத்துப் பதுங்குகுழியில்தான் ஒளிந்தது. உயிரோடு இருக்க, செத்தவர்களுக்கு நடுவே! ஒரு குண்டு அங்கேயும் விழுந்தது. ஐந்து பிணம் எடுத்தார்கள். ஆறாவது கிடைக்கவில்லை. கல்லில் பெயர் மட்டும்.

1983 ஜூலையில் அந்த ஆறாவது இடத்தைத் தியாகராஜா நிரப்பினார். தங்கை வசந்தமலரைப் போட்டு மிதித்த புருஷன் செல்வரத்தினத்துக்குத் தோசைக்கல்லால் ஒரே அடி. ஆள் விழுந்தான். போர்வையில் சுற்றி வேனில் கொண்டுவந்து, குழியில் கிடந்த பழைய கோட்டையும் முகமூடியையும் மேலே மாட்டி, குழிவாசலில் சுவரெழுப்பி மூடிவிட்டார்.

வசந்தமலர் எல்லோருக்கும் சொன்னாள்: "அவர் ஊருக்குப் போனவர். கலவரத்திலை காணாமப் போட்டார்."

இலங்கையில் போர் நடக்கிற காலத்தில் ஒரு பொய் போதும். மீதியை ஊரே சொல்லிக்கொள்ளும். வருடா வருடம் படத்துக்கு மாலை வேறு!

தியாகராஜா கலியாணம் கட்டவில்லை. லீவு எடுக்கவில்லை. காவல் காத்தார்.

இன்ஸ்பெக்டர் எட்டிப் பார்த்தார்.

"ஹிட்லர் வேலை! ஆறாவது ஆள் கிடைச்சாச்சு. டாக்டர், புதைக்கக் கையெழுத்துப் போடுங்க."

வாசலில் யூத அடக்கச் சங்கத்து வேன். சூரியன் சாய்ந்தால் சனிக்கிழமை ஓய்வு தொடங்கிவிடும். அதற்குள் புதைக்க வேண்டும். ரத்தம் சிந்திச் செத்தவனைக் குளிப்பாட்டக்கூட மாட்டார்கள். அப்படியே குழிக்குள்!

இன்னும் ஒரு மணி நேரம். ஒரேயொரு கையெழுத்து. உடந்தையாயிருந்த தங்கையும் தப்பிவிடுவாள்!

டாக்டர் சுலோச்சனா காவலறைக் கதவைச் சாத்தினாள்.

"சார் தமிழா?"

"ஓம்... யாழ்ப்பாணம்."

"நான் மதுரை. இந்த போட்டோவைப் பாருங்க. போர்வையைப் பிரிச்சதும் எடுத்தேன். கால் பெருவிரல் ரெண்டையும் சேர்த்துக் கட்டியிருக்கு. குண்டு போட்டவன் கட்ட மாட்டான். யூதர்களும் கட்ட மாட்டாங்க. நம்மாளுங்கதான் கட்டுவோம்!"

தியாகராஜா குனிந்தார். நீலப் பூப்போட்ட சேலைக் கிழிசல். அன்று அவர் வேனோடு வந்தபோது வசந்தமலர் உடலைப் போர்வையில் சுற்றி வைத்திருந்தாள். கட்டிய புருஷன் மேல் அத்தனை வெறுப்பிருந்தும் அவள் கை பழக்கத்தை விடவில்லை!

"ஹிட்லர் காலத்துல நைலக்ஸ் புடவை ஏது சார்?"

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தாயிற்று. காம்பு வெளியே நிற்கிறது!

"யாரு இது? நான் கையெழுத்துப் போட்டா இவரை இன்னொருத்தர் பேர்ல புதைச்சிடுவாங்க."

"டொக்டர்... அவளை விட்டிடுங்கோ. கொலை செய்தது நான்தான்!"

"யாரை?"

"என்ரை மச்சானை. தோசைக்கல்லாலை. தலையிலை ஒரே அடி."

"தலையிலயா?"

"ஓம்."

"மண்டையில ஒரு கீறல் கூட இல்லையே! உடைஞ்சது தொண்டை எலும்பு. இவரைக் கழுத்தை நெரிச்சுக் கொன்னிருக்காங்க சார்!"

தியாகராஜா அவளைத் தாண்டி மேசைக்குப் போனார். டெலிபோனை எடுத்துச் சுழற்றினார். காலையிலேயே செய்தி சொல்லியிருந்ததால் வசந்தமலர் பக்கத்திலேயே காத்திருந்தாள்.

"கையெழுத்து வைச்சாச்சோ அண்ணை?"

"வசந்தி... நான் வேனெடுக்கப் போகேக்கை அவனுக்கு உயிர் இருந்ததோ?"

"இப்ப என்னத்துக்கு அதெல்லாம் அண்ணை?"

"சொல்லடி!"

"எழும்பியிருந்து தண்ணி கேட்டவர்... குடுத்திருந்தா அடுத்த நாளும் அடிச்சிருப்பார் அண்ணை."

"பதினொரு வருசம்! நான் கொலைகாரன் எண்டு நித்திரையில்லாமல் கிடந்தனே... ஒரு சொல்லுச் சொல்லக் கூடாதோ?"

"சொல்லியிருந்தா நீங்கள் அங்கை காவல் நிண்டிருப்பியளோ?"

அந்தக் கேள்வி தோசைக்கல்லைவிடப் பலமாக விழுந்தது. தங்கைக்காகத் தொலைத்த வாழ்க்கை என்று அத்தனை காலமும் நெஞ்சை நிமிர்த்தியிருந்தார். பாவி மனுஷன்! அவளுக்கு அவர் அண்ணனும் இல்லை, மண்ணாங்கட்டியும் இல்லை. சம்பளமில்லாத வாச்சர்.

"யாரு சார் நெரிச்சது?" என்றாள் சுலோச்சனா.

தியாகராஜா தொப்பியைக் கழற்றி மேசையில் வைத்தார். ரிசீவரை அவளிடம் நீட்டினார்.

"லைனிலைதான் நிக்கிறா, நீங்களே கேளுங்கோ டொக்டர். எனக்கு ஷிப்ட் முடிஞ்சுது!"