மூடிவைத்த பள்ளத்தாக்கு

மூன்று நாளைக்கு முன்பே காய்ந்துவிட்ட ஓவியத்திலிருந்து ஈரமண் வாடை வந்தது.

கியோட்டோவை அடுத்த மலைக்கோயிலில், எட்டுக் காகித இழுகதவுகளில் மலைக்காட்சி எழுதும் வேலை, இரண்டு ஓவியர்களுக்கு. நான்கு ரிஹெய்க்கு, நான்கு மொகுசுகேக்கு. ரிஹெய் பைன் மரங்களை ஊசி ஊசியாக எழுதியிருந்தான். அவனுக்கு ஆறு வருடம் பின்னால் தொழிலுக்கு வந்த மொகுசுகே இரண்டு முகடுகளை மட்டும் மையால் தொட்டுவிட்டு, நடுப்பள்ளத்தாக்கை வெறும் வெள்ளை மூடுபனியாக விட்டிருந்தான். தலைமைத் துறவி காலையில் வந்து அந்த வெறுமைக்கு முன்னால்தான் உட்கார்ந்தார். தேநீர் ஆறும்வரை. ரிஹெய்யின் பக்கம் திரும்பக்கூட இல்லை.

"ஒண்ணுமே வரையாம பேர் வாங்கிட்டியேடா!"

மொகுசுகே சிரிக்கவில்லை. "வரைஞ்சேன்ணே. வரைஞ்சதைத்தான் மூடியிருக்கேன். தொட்டுடாதீங்க."

அவன் குளிக்கப் போனான். ரிஹெய் கதவை நெருங்கினான். தொழில் ரகசியத்தை ஒளிக்கிறான் பயல்.

கூரை விளிம்பிலிருந்து மழை சொட்டிக்கொண்டிருந்தது. பட்டப்பகலிலும் கூடம் இருண்டு, பசை நாற்றத்தோடும் பாசி நாற்றத்தோடும் புழுங்கியது. ரிஹெய் துணியை வெந்நீரில் நனைத்துப் பிழிந்து, பனியாகப் பூசியிருந்த சிப்பித்தூள் வெள்ளையை வட்டம் வட்டமாகத் துடைத்தான். அடியில் ஒரு மலைப்பாதை தெரிந்தது. பாதையில் ஆட்கள். அரிசி மணி அளவில், குனிந்த வைக்கோல் தொப்பிகளோடு, மேலே ஏறி வருபவர்கள். எவ்வளவு சுத்தமான கோடு! ஒரு பிசிறாவது கிடைக்காதா என்று இன்னும் துடைத்தான். பிசிறு இல்லை. ஆட்கள்தான் கூடினார்கள்.

துணியை அலசிவிட்டு நிமிர்ந்தான்.

முன்னால் வந்தவன் இப்போது கட்டைவிரல் உயரம்.

மறுபடி பார்த்தான். முழங்கை உயரம்.

தூரிகையை வெள்ளையில் தோய்த்து அப்பினான். ஒட்டவில்லை. வழிந்தது. மறுபடி அப்பினான். தாளுக்குள்ளே செருப்புகள் சேற்றில் சப்பென்று பதியும் ஓசை. ஒன்று. பத்து. நூறு.

பின்னால் மொகுசுகேயின் குரல். ஈரத்தலையோடு வாசலில் நின்றான்.

"எத்தனை பேரைத் தொறந்து விட்டீங்கண்ணே?"



ஓசை நின்றது.

கதவில் இப்போது ஆட்கள் இல்லை. பாதை மட்டும். வெறும் பாதை.

பிறகு கதவு, யாரும் தொடாமல், ஒரு சாண் நகர்ந்தது. அடுத்த அறை இருக்கவேண்டிய இடத்தில் வெள்ளை மூடுபனி. பனிக்குள் ஆள் உயரத்தில் வைக்கோல் தொப்பிகள், வரிசை வரிசையாக, கண்ணுக்கு எட்டியவரை. முதல் தொப்பி மெல்ல நிமிர்ந்தது. அதன் கீழே முகம் எழுதப்படவில்லை.