கடிகாரத்தில் மூன்றாவது புள்ளி

கூடத்தில் இருந்தது இரண்டு பேர். கடிகாரத்தில் எரிந்ததோ மூன்று புள்ளிகள். லாரன்ஸ் கடிகாரத்தைத் திட்டவில்லை. தன் கையால் செய்ததை எவன் திட்டுவான்? மேலே சுற்றிய ஃபேனைத்தான் திட்டினான்.

லாரன்ஸுக்குக் கள்ளக்குறிச்சியில் பத்திரம் டைப் அடிக்கிற வேலை, வடக்கனந்தலில் வீடு. ஆபீஸ் விட்டு வந்தால் சட்டையைக் கழற்றுவதற்கு முன்பே சால்டரிங் கம்பியைச் சூடாக்கிவிடுவான். கூடத்தில் ஒன்று, சமையல்கட்டில் ஒன்று, குளிக்கிற அறையில்கூட ஒன்று என்று வீடு முழுக்க அவன் செய்த எல்இடி கடிகாரங்கள்தான். அவற்றில் எந்த இரண்டும் ஒரே மணியைக் காட்டியதில்லை என்பது எதிர்வீட்டு ராணியம்மாள் தெருவெல்லாம் சொல்லி வைத்திருக்கும் சேதி.

இந்தப் புதுக்கடிகாரத்தை மட்டும் அவன் மணி பார்க்கச் செய்யவில்லை. அவன் மனைவி எஸ்தருக்கு இது ஏழாம் மாதம். போன வருஷம் தரித்தது ஐந்தாம் மாதத்திலேயே கலைந்துபோனது. இந்தத் தடவை கட்டிலை விட்டு இறங்கினால் இதுவும் தங்காது என்று டாக்டரம்மா முகத்துக்கு நேராகவே சொல்லிவிட்டார். எஸ்தரோ படுத்துக்கிடக்கிற ரகமில்லை. மற்றவர்கள் என்றால் துணைக்கு மாமியாரையோ நாத்தனாரையோ கூட்டிவந்து வைப்பார்கள். லாரன்ஸ் ரேடார் வைத்தான்! தீப்பெட்டி அளவில் ஒரு சென்சார். ஆள் அசையாமல் கிடந்தாலும் மூச்சு ஏறி இறங்குவதை வைத்தே கண்டுபிடித்துவிடும். பஸ் நெற்றியில் ஊர்ப்பேர் ஓடுமே, அந்த மாதிரிச் சிவப்பு எல்இடி பலகை. அதில் இடப்பக்கம் மணி, வலப்பக்கம் கட்டம் கட்டமாகக் கூடத்தின் படம், அதில் ஆளுக்கு ஒரு புள்ளி. எஸ்தரின் புள்ளி கட்டிலை விட்டு நகர்ந்தால் ஆபீசில் இருக்கும் அவன் போன் கத்தும்.

"பொண்டாட்டிய நம்பாம டப்பாவ நம்பற ஆள இன்னிக்குத்தான் பாக்கறேன்" என்றாள் ராணியம்மாள். ஜன்னல் வழியே எட்டிப் பார்த்துவிட்டுத்தான் சொன்னாள்.

அன்று சாயந்திரம் ஐந்தே முக்காலுக்கே கல்வராயன் மலைப்பக்கமிருந்து மேகம் இறங்கி, வாசல் தகரத்தின் மேல் ஒவ்வொன்றாய் விழுந்துகொண்டிருந்த தூறல் ஒரே இரைச்சலாகக் கூடி, கூடத்துக்குள் ஈயப்புகையும் ஈரமண்ணும் கலந்த வாடை சுற்றிக்கொண்டிருந்தபோதுதான் அவன் கவனித்தான். கட்டிலில் எஸ்தரின் புள்ளி. மேஜையோரம் அவன் புள்ளி. ஃபிரிட்ஜ் பக்கத்தில் இன்னொன்று.

ஃபேன் சுற்றினால் ரேடார் ஏமாறும் என்று அவன் படித்திருந்தான். ஃபேனை நிறுத்தினான். புள்ளி இருந்தது. திரைச்சீலையை முடிச்சுப் போட்டான். இருந்தது. இரும்பு அலையைத் திருப்பி அடிக்குமோ என்று பீரோவின் மேல் போர்வையைப் போர்த்தினான்.

"ஏங்க, பீரோவுக்கு இன்னா, குளிருதா?" என்றாள் எஸ்தர், கட்டிலில் ஒருக்களித்தபடி.

"சும்மா இரு. சிக்னல் தப்பா வருது."

"பாத்ரூம் கடியாரத்துக்கும் அப்டித்தான் சொன்னீங்க. இன்னிக்கு வரைக்கும் அதுல விடியவே இல்ல."

அவன் சிரிக்கவில்லை. ஃபிரிட்ஜ் பக்கம் நடந்தான், கண்ணைப் பலகையிலேயே வைத்துக்கொண்டு. அவன் புள்ளியும் நடந்தது. மூன்றாவதற்கு ஒரு கட்டம் தள்ளி நின்றது. கையை நீட்டித் துழாவினான். வெறும் காற்று. ஆனால் பல வருஷம் மூடிக் கிடந்த கிணற்றைத் திறந்ததுபோல், அந்தக் காற்று மட்டும் சில்லென்று, பாசிவாடையோடு இருந்தது. இன்னும் அரை அடி நீட்டினான்.

புள்ளி விலகியது.

விலகி, அவனைச் சுற்றிக்கொண்டு, முதுகுக்குப் பின்னால் வந்து நின்றது.

"இன்னாங்க, காத்தத் தடவிக்கினு நிக்கிறீங்க?"

அவன் மெல்லத் திரும்பினான். அந்த நேரம் பார்த்துக் கரண்ட் போனது. பவர்பேங்க்கில் ஓடிய பலகை அணையவில்லை. இருட்டில் சிவப்பாக மூன்று புள்ளிகள். மழை. ஃபிரிட்ஜின் உறுமல்கூட அடங்கிவிட்ட வீட்டில், சிமெண்டுத் தரையில் ஈரக்கால் ஒட்டி ஒட்டிப் பிரிகிற சத்தம்.

மூன்றாவது புள்ளி கட்டிலை நோக்கித் திரும்பியது.

ஒரு கட்டம் நகர்ந்தது. நின்றது. இன்னொரு கட்டம்.

இரண்டே தாவலில் கட்டிலுக்குப் போய்விடலாம். எஸ்தரை எழுப்பி வெளியே ஓடவிடலாம். வாரித் தூக்கிக்கொண்டு தானே ஓடலாம். ஓடி, வாசற்படியில் வழுக்கி, டாக்டரம்மா சொன்னது நடந்துவிட்டால்? போன வருஷம் ஆஸ்பத்திரி வராந்தாவில் நர்ஸ் துணி சுற்றிக் கொண்டுவந்து காட்டியது கண்ணுக்குள் வந்தது.

"எஸ்தரு. எறங்காத. அசையவே அசையாத."

"நான் எங்கங்க அசைஞ்சேன்? ஏன் குரல் ஒரு மாதிரியா இருக்கு?"

"சொன்னதக் கேளு. அப்டியே படு."

அவள் அப்படியே படுத்தாள். கல்யாணமான இந்த நான்கு வருஷத்தில் ஒரே பேச்சில் அவள் கேட்டது அன்றுதான்.

லாரன்ஸ் கட்டிலுக்கு முன்னால் பாய்ந்து இரண்டு கையையும் விரித்து மறித்தான். பலகையைப் பார்த்தான். அவன் புள்ளி நடுவில். அந்தப் பக்கம் அது. இந்தப் பக்கம் எஸ்தர்.

அது நகர்ந்தது.

அவன் புள்ளியின் மேல் ஏறியது. விலா எலும்புக்குள் ஐஸ் தண்ணீர் ஓடியது. மூச்சு நின்றது.

கடந்தது.

எஸ்தரின் புள்ளியைத் தொட்டது.

அப்புறம், இரண்டே புள்ளிகள்.

அவன் எண்ணினான். கண்ணைத் துடைத்துக்கொண்டு திரும்ப எண்ணினான். இரண்டுதான். ஃபிரிட்ஜ் பக்கம் இல்லை. கதவுப்பக்கம் இல்லை. கட்டில் ஓரத்தில் தொப்பென்று உட்கார்ந்தான். போய்விட்டது. எதுவாக இருந்தாலும் போய்விட்டது. அவனுக்குச் சிரிப்புக்கூட வந்தது.

"ஏங்க" என்றாள் எஸ்தர் மெதுவாக. "கையக் குடுங்க. புள்ள ஒதைக்குது."

அவன் கையைப் பிடித்து வயிற்றில் வைத்தாள். சில்லென்றிருந்தது வயிறு. இடப்பக்கம் சின்னதாக ஓர் உதை. குருவி கொத்துகிற மாதிரி.

பிறகு உள்ளேயிருந்து ஏதோ நிதானமாக எழும்பி வந்தது. அவன் உள்ளங்கைக்கு நேராக வந்து படிந்தது. ஒவ்வொன்றாக விரிந்தது. ஐந்து விரல்கள்.

அவன் விரல்களுக்குச் சரிசமமான நீளம்.