நிரம்பியிருந்த கிண்ணம்

காலை பதினொன்றரை மணிக்கு நாய் மந்திரி விழுந்தது. குடிகாரனைப் போலத் தள்ளாடி, வாந்தியெடுத்து, கேட்டருகே சுருண்டது. கணக்கு வாத்தியார் ஓய்வு பெற்று, மனைவியும் போய்ச் சேர்ந்த பிறகு அவருக்குப் பேச்சுத்துணையாக இருந்தது அந்த நாய் ஒன்றுதான்.

இன்ஸ்பெக்டரம்மா வந்து சேர்வதற்குள் கால்நடை மருத்துவமனை வண்டி நாயைக் கொண்டுபோயிருந்தது. வாசலில் வாத்தியார் வெறும் சங்கிலியோடு நின்றார்.

"நீங்க கூடப் போகலையா சார்?"

"ஏறச் சொன்னாங்க. கேஸ் குடுக்கணுமேன்னு நின்னுட்டேன். பக்கத்து வீட்டுத் தையல்காரன்தான்மா. 'குலைக்கிறதை நிறுத்தலேன்னா விஷம் வெச்சிடுவேன்'னு தெருவே கேக்கக் கத்தினான்."

"வெச்சதைப் பார்த்தீங்களா?"

"பார்க்கணுமா என்ன? யாரா இருந்தாலும் விடாதீங்கம்மா. கையில விலங்கு மாட்டுங்க."

"யாரா இருந்தாலும் விட மாட்டேன் சார்."

இன்ஸ்பெக்டரம்மா வளவளவென்று பேசுகிறவர் இல்லை. அவரும் பூட்டைத் தானே திறந்து வீட்டுக்குள் போகிறவர்தான். அங்கே பேச்சுக்கு என்ன வேலை?

டாக்டரிடமிருந்து போன் வந்தது. "என்ன விஷம்னு தெரிஞ்சாதான் மாத்து மருந்து போட முடியும் மேடம். சீக்கிரம் கண்டுபிடிங்க. கிட்னி போயிட்டா ஒண்ணும் பண்ண முடியாது."

இன்ஸ்பெக்டரம்மா முற்றத்தைச் சுற்றிப் பார்த்தார். சோற்றுத் தட்டு துடைத்து வைத்தது போலிருந்தது. அது வாத்தியார் கையால் போட்ட சோறு. வெயில் மண்டையைப் பிளந்தது. ஆனாலும் காலையில் ஊற்றிய தண்ணீர் கிண்ணத்தில் விளிம்புவரை அப்படியே நின்றது. பக்கத்தில் பழைய கார். கூரைத் தூசியில் விரலால் பேரெழுதலாம். திறந்திருந்த பானட்டுக்குள் இஞ்சின் மட்டும் பளபளத்தது.

"கார் ஓடுதா சார்?"

"அவ போனதுலேருந்து எடுக்கலை. ஞாயித்துக்கிழமை மக வர்றேன்னா. ஸ்டேஷன்லேருந்து கூட்டிட்டு வரணுமேன்னு காலையில உக்காந்து தட்டிக்கொட்டினேன்."

"வர்றாங்களா?"

"லீவு கிடைக்கலையாம். கழுவிட்டிருக்கும்போதே போன் பண்ணிட்டா." அவர் தூசி படிந்த கூரையையே பார்த்துக்கொண்டு சொன்னார்.

பக்கத்து வீட்டில் தையல்காரர் மெஷினை விட்டு எழுந்திருக்கவில்லை. "ஆமா மேடம், சொன்னேன். பாழாப்போன வாய். அது குலைச்சா ஊசி என் விரல்ல ஏறுது. அதுக்காக விஷம் வைப்பேனா?"

"காலையில நாயைப் பார்த்தீங்களா?"

"கார் அடியில சப்புக்கொட்டித் தண்ணி குடிச்சிட்டிருந்துச்சு. மகாராஜா கணக்கா தனிக் கிண்ணம் இருக்கு, தொரை அங்க போய் நக்குறாரு!" சட்டென்று குரல் இறங்கியது. "பொழைச்சிடுமா மேடம்?"

இன்ஸ்பெக்டரம்மா திரும்பி ஓடினார். சீருடையோடு தரையில் படுத்துக் காருக்கடியில் டார்ச் அடித்தார். சிமெண்டுப் பள்ளத்தில் ஒரு கை அளவு தண்ணீர் மிச்சமிருந்தது. இளம்பச்சை நிறம். படுத்தபடியே போனை எடுத்தார்.

"டாக்டர், கூலன்ட். ரேடியேட்டர்ல ஊத்துறது."

"அப்பாடா! இப்பவே ஆரம்பிக்கிறேன்."

எழுந்து உடையைத் தட்டினார். "சார், காலையில கூலன்ட் சிந்திச்சா?"

"கை நடுக்கம்மா. பாதி டப்பா இஞ்சின் மேல கொட்டிடுச்சு. உடனே ஹோஸ் பைப்பைப் போட்டு நான்தான் சுத்தமா..."

வாத்தியார் காருக்கடியில் பார்த்தார். ஆயுசு முழுக்கக் கணக்குப் போட்டவர். விடை அவருக்குத் தெரிந்துவிட்டது.

"கூலன்ட் இனிக்கிற விஷம் சார்," என்றார் இன்ஸ்பெக்டரம்மா மெதுவாக. "தண்ணி அடிச்சா போயிடாது, கீழே இறங்கித் தேங்கும். இஞ்சின் ஆறினதும் துணியால ஒத்தி எடுத்து, ஈரத்துணியால துடைக்கணும். தரையில இருக்கறதையும் ஒரு சொட்டு விடாம உறிஞ்சி எடுத்து, பையில கட்டிடணும். அதுவரைக்கும் நாயைக் கட்டிப் போடணும். இந்த வெயில்ல நாய் தன் கிண்ணத்தைத் தொடவே இல்லை. அங்கதான் எனக்குப் பொறி தட்டுச்சு."

"தேங்கினதைப் பெருக்கித் தள்ளலாம்னுதான் இருந்தேன். போன் வந்துச்சா, அப்புறம் எதுவுமே ஓடலைம்மா. போய்ப் படுத்துட்டேன்." அவர் இரண்டு கைகளையும் நீட்டினார். "யாரா இருந்தாலும்னு சொன்னேனே."

இன்ஸ்பெக்டரம்மா அந்தக் கைகளிலிருந்த சங்கிலியை மட்டும் வாங்கிக்கொண்டார். "கேஸ் இல்ல சார். ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்க. அது தனியா இருக்கு."

மதிலுக்கு அந்தப் பக்கம் ஸ்கூட்டர் உறுமியது. "ஏறுங்க வாத்தியாரே," என்றார் தையல்காரர். "என்னைத் திட்டுறதைப் போற வழியில வெச்சுக்கலாம்."

அவர்கள் போனதும், தையல்காரர் வீட்டு வெட்டுத்துணி மூட்டையை வாங்கிவந்து, பள்ளத்தின் ஈரத்தை இன்ஸ்பெக்டரம்மாவே ஒத்தி எடுத்தார்.

மூன்றாம் நாள் சாயங்காலம். இன்ஸ்பெக்டரம்மா வீட்டில் ஒற்றை டம்ளரில் டீ ஆறிக்கொண்டிருந்தது. போன் அடித்தது.

"மந்திரி தண்ணி குடிச்சிட்டான்மா! அவன் கிண்ணத்துலேயே!" வாத்தியாருக்கு மூச்சிரைத்தது. "மகளுக்குப் போட்டேன், எடுக்கலை. யார்கிட்டயாவது சொல்லணும் போல இருந்துச்சு. தொந்தரவா?"

"இல்ல சார்." இன்ஸ்பெக்டரம்மா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "எவ்வளவு குடிச்சான்? முதல்லேருந்து சொல்லுங்க."