பசை டப்பாவில் பகை

'தடால்!'

மேடை அதிர்ந்தது.

சேவா சங்கத்தின் தலைவர் மல்லாந்து கிடந்தார்... அவர் உட்கார்ந்திருந்த நாற்காலியின் நான்கு கால்களும் நாலு திசைக்கு ஓடியிருந்தன!

"ஐயோ! தலைவர் போயிட்டாரா?" முன்வரிசையில் ஒரு பெண் வீறிட்டாள்.

"யாரும் அசையக் கூடாது! கதவைச் சாத்துங்க!"

சொன்னவர் இன்ஸ்பெக்டர். அவரும் சங்கத்து உறுப்பினர்தான். வாயில் பிஸ்கட் இருந்ததால் 'சாத்துங்க' கொஞ்சம் நமத்துப்போய் வந்தது.

கடைசி வரிசையில் ஒரே ஒரு மனிதருக்கு மட்டும் வயிறு குளிர்ந்தது...

சின்ன மாப்பிள்ளை!

பல்கலைக்கழகத்தில் ரசாயனப் பேராசிரியர். மேடையில் கையில் பசை டப்பாவோடு வெலவெலத்து நிற்கிறாரே, பெரிய மாப்பிள்ளை... அவரும் அதே துறை. எதிரெதிர் ஆய்வுக்கூடம். போதாததற்கு அக்கா தங்கையைக் கட்டிய சகலைகள். மாமனார் வீட்டில் சாய்வு நாற்காலி பெரியவருக்கு. முக்காலி சின்னவருக்கு.

இந்தச் சங்கத்தில் இன்னொரு வம்பு. ஒரு தொழிலுக்கு ஒரே ஆள்தான் சேரலாம். ஒரு பல் டாக்டர். ஒரு வக்கீல். ஒரு இன்ஸ்பெக்டர். ரசாயனத்துக்கு இருந்த ஒரே இடத்தைப் பெரியவர் பிடித்துக்கொண்டார். கூடவே ஒரு பேட்ஜ். அதை அவர் பனியனிலும் குத்திக்கொள்கிறார் என்பது சின்னவரின் பலத்த சந்தேகம்.

காலையில் மனைவி வேறு ஏற்றிவிட்டிருந்தாள்.

"எங்க அக்கா வீட்டுக்காரர் மேடையில பேசறார். நீங்க விருந்தாளியாப் போய்க் கை தட்டிட்டு வாங்க. அதாவது உங்களுக்கு வருமில்ல?"

சின்னவருக்கு வயிறு எரிந்தது. அந்த நெருப்பில் ஒரு தெருவுக்கே சமைத்திருக்கலாம்!

இன்றைய கூட்டத்தின் விஷயம்... 'ஆய்வுக்கூடத்திலிருந்து அங்காடிக்கு'. பேராசிரியர் தன் கண்டுபிடிப்பைக் காட்டுவார். வியாபாரிகளுக்குப் பிடித்தால் அது கடைச் சரக்காகும். இல்லாவிட்டால் பீரோவுக்குத் திரும்பும்.

டீக்கு முன்பே பெரியவர் தன் டப்பாவைத் தூக்கிக் காட்டிவிட்டார்.

"ஆணி வேணாம்! ஸ்க்ரூ வேணாம்! என் பசை ஒரு சொட்டு போதும். யானை இழுத்தாலும் பிரியாது!"

தலைவர் நாற்காலி ஃபேக்டரி முதலாளி. "எத்தனை வருஷம் தாங்கும்?" என்றார்.

"உங்க கொள்ளுப்பேரன் காலம் வரைக்கும்!"

தலைவரின் முகம் தொங்கியது. "அப்போ என் பேரன் யாருக்கு நாற்காலி விப்பான்?"

டீ மணி அடித்தது. சங்கமே பிஸ்கட் தட்டை நோக்கிப் பாய்ந்தது. பொருளாளர் வாய்க்கு ஒன்று, பைக்கு இரண்டாக உழைத்தார். மேடையில் டப்பா தனியாக இருந்தது...

சின்னவரின் கோட்டுப் பையிலும் அதே மாதிரி டப்பா. பல்கலைக்கழக ஸ்டோரில் எல்லோருக்கும் ஒரே டப்பாதான் தருவார்கள். உள்ளே அவர் ஆயுள் முழுக்கக் கிண்டியும் உருப்படாத சொந்தப் பசை! கல்லாகப் பிடிக்கும். கொஞ்ச நேரம் போனால் மனசு மாறி விட்டுவிடும்.

சட்... சட்... மாற்றிவிட்டார்!

டீ முடிந்ததும் பெரியவர் தன் கையாலேயே நாற்காலிக்குக் கால் ஒட்டினார். தலைவர் உட்கார்ந்து தலைமையுரை வாசித்தார். வாசித்தார்... வாசித்துக்கொண்டே இருந்தார்...

மிச்சம்தான் தெரியுமே. 'தடால்!'

பல் டாக்டர் குனிந்து பார்த்தார். "நாடி இருக்கு."

"நீங்க பல் டாக்டராச்சே?" என்றார் வக்கீல்.

"பல்லும் இருக்கு."

இன்ஸ்பெக்டர் பெரியவரைப் பிடித்தார். "சார், தலைவரைக் கொல்லப் பார்த்தீங்களா?"

"சத்தியமா இல்லீங்க! இது என் பசையே இல்ல! யாரோ மாத்திட்டாங்க!" பெரியவர் அழுதேவிட்டார்.

சின்னவர் மேடையேறி அவர் தோளைத் தட்டினார். "விடுங்க சகலை. எல்லாருக்கும் எல்லாமும் வந்துடுமா?"

ஆஹா! இந்த ஒரு வாக்கியத்துக்காக அவர் எத்தனை வருஷம் முக்காலியில் உட்கார்ந்திருந்தார்!

அப்போது தலைவர் கண்ணைத் திறந்தார்.

"அந்தப் பசை..."

"சொல்லுங்க, கேஸ் போட்டுடலாமா?" என்றார் இன்ஸ்பெக்டர்.

"கேஸா? அந்தப் பசை ஒரு லாரி எனக்கு வேணும்யா!"

கூட்டம் வாயைப் பிளந்தது.

"நான் போடற நாற்காலி உடையவே மாட்டேங்குது. ஒரு தடவ வாங்கினவன் திரும்பி எட்டிப் பார்க்கறதில்ல. இது என்னடான்னா கல்லு மாதிரி நிக்குது... அப்புறம் தானா கழண்டுக்குது! இதுதான்யா வியாபாரம்! கண்டுபிடிச்ச மகராசன் யாரு?"

பெரியவரின் அழுகை டக்கென்று நின்றது.

"நான்தான்!"

"இப்பத்தானே உங்க பசை இல்லைன்னீங்க?" இன்ஸ்பெக்டர் முறைத்தார்.

"அது... தன்னடக்கம்!"

கைதட்டல்! தலைவர் படுத்தபடியே பெரியவரின் கையைக் குலுக்கினார். 'பளிச்' என்று ஒரு கேமரா!

சின்னவர் கணக்குப் போட்டார். வாயைத் திறந்தால் ஜெயில். மூடினால்... தன் ஆயுள் உழைப்பு சகலையின் பெயரில்! நாளைக்குப் பேப்பரில் சகலையின் படம்! அதைக் கத்தரித்துத் தன் வீட்டுச் சுவரிலேயே ஒட்டப்போகும் தன் மனைவி!

ஜெயிலே தேவலை!

"பொய்!" என்று கத்தினார். "அது என் பசை! டீ நேரத்துல நான்தான் டப்பாவை மாத்தினேன்! அவரோட டப்பா இதோ என் பையில!"

பைக்குள் விட்ட கையை இழுத்தார். வரவில்லை.

மறுபடியும் இழுத்தார்.

டர்ர்ர்... கோட்டுப் பையே கிழிந்து கையோடு வந்தது! உள்ளங்கையில் மூடி கசிந்த டப்பா. இன்ஸ்பெக்டர் டப்பாவை இழுத்தார். இன்ஸ்பெக்டரை வக்கீல் இழுத்தார். வக்கீலைப் பல் டாக்டர் இழுத்தார். டப்பா அசையவில்லை!

பெரியவரால் பெருமையை அடக்க முடியவில்லை. "பார்த்தீங்களா! பார்த்தீங்களா! இதுதான் என் பசை!"

சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார்.

இன்ஸ்பெக்டர் மூச்சு வாங்கினார். "கையும் களவுமாப் பிடிபட்டவங்களை நிறையப் பார்த்திருக்கேன். கையையும் களவையும் பிரிக்கவே முடியாத ஆளை இன்னிக்குத்தான் பார்க்கறேன்."

"அவரை விடுங்க!" என்றார் தலைவர். "விழுந்தவன் நான். என்கிட்ட புகார் இல்ல. அவரை இன்னிக்கே சங்கத்துல சேர்க்கறோம்!"

"முடியாது!" பெரியவர் பேட்ஜைப் பொத்திக்கொண்டார். "ரசாயனத்துக்கு ஒரே இடம்! அது என்னுது!"

"விதி அப்படித்தான்," என்றார் வக்கீல்.

இன்ஸ்பெக்டர் சிரித்தார். "வேற ஒரு தொழில்ல இடம் காலியா இருக்கே... குற்றவாளி!"

கூட்டமே கை தட்டியது. பொருளாளர் மட்டும் தட்டவில்லை.

அந்த இடம் தனக்குத்தான் என்று அவர் பல வருஷமாக நம்பிக்கொண்டிருந்தார்!