பீரங்கி மேட்டில் ஒரு கழி

"சார், எங்க ஊட்டுக்காரரப் போலீஸ் புட்ச்சிக்கினு போய்ட்டாங்க!"

மூச்சிரைக்கப் படியேறி வந்தவளைக் கண்டதும் யேசுதாஸ் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தான். கும்மிடிப்பூண்டி ரயில் நிலையத்துக்கு எதிரே, சைக்கிள் கடை மாடியில் இருந்தது துப்பறிவாளர் ரங்கசாமியின் அலுவலகம். அவருக்கு யேசுதாஸ் ஒரே உதவியாளன். காணாமல் போன எருமை மாட்டைத் தவிர வேறு வழக்கே வராமல் வாடிப் போயிருந்தவனுக்கு அந்தப் பெண்ணின் கண்ணீர் வயிற்றில் பால் வார்த்தது. அப்படிச் சொல்வது பாவம்தான், ஆனால் உண்மை அது.

"உட்காரும்மா. முதல்ல தண்ணி குடி" என்றார் ரங்கசாமி. அவர் வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்தார். வீடு பற்றி எரிந்தாலும் உரித்த கடலையைத் தின்றுவிட்டுத்தான் எழுந்திருப்பார்.

அவள் பெயர் முத்தம்மா. காட்டுப்பள்ளிக்கு வடக்கே, பீரங்கி மேட்டை ஒட்டிய குப்பத்துக்காரி. யுத்தக் காலத்தில் ஜப்பான்காரன் கடல் வழியாக வருவான் என்று பயந்து கட்டிய கோட்டை அது. கான்கிரீட் குழிகள், நிலத்தடி அறைகள், கடலைப் பார்த்தபடி ஒரே ஒரு பீரங்கி. யுத்தம் முடிந்ததும் எல்லாரும் மறந்துபோனார்கள். இரண்டு வருஷமாகச் சென்னைக் கல்லூரி ஆசிரியர் ஜெயராஜ் என்பவர்தான் மாணவர்களோடு வந்து மணலை அள்ளி, ஒவ்வோர் அறையாகத் திறந்து, அதைக் காப்பாற்ற வேண்டும் என்று சர்க்காருக்கு எழுதிக்கொண்டிருந்தார். முத்தம்மாவின் கணவன் துலுக்காணம் அங்கே காவல்காரன்.

"இன்னிக்கு சாயங்காலம் மெட்ராஸ்லேந்து பெரிய ஆபீசர் வராரு சார். பீரங்கி முழுசா இருந்தா கெவுருமெண்டே வச்சிக்குமாம். கொறையா இருந்தா ஏலமாம். காலைல பாத்தா குண்டு போடற அதோட பின்பக்கக் கதவக் காணோம்! எங்க ஆளுதான் இரும்புக் கடைக்கு வித்துட்டாருன்னு இட்டுக்கினு போய்ட்டாங்க."

"அவர் மேல ஏன் சந்தேகம்?"

"எங்க படவுல கிரீஸ் கறை இருந்துச்சாம். நேத்து சாயங்காலம் அவரு காவல்ல இல்லதான். எந்த எடத்துல யாரு வல போடறதுன்னு அம்மன் கோயிலாண்ட பாடு சீட்டு எடுத்தாங்க, குப்பத்து ஆம்பளைங்க அத்தினி பேரும் அங்கதான் இருந்தாங்க. சொன்னா, நீங்கல்லாம் சொந்தக்காரங்க, பொய் சொல்லுவீங்கன்றாரு இன்ஸ்பெக்டரு. இது போதாதுன்னு வடக்குக் குப்பத்துக்காரங்க வேற வந்து கத்திட்டுப் போனாங்க. எங்களவங்க பாடு மொறையத் தப்பிட்டாங்களாம். ஒரே பேஜாரு சார்!"

யேசுதாஸின் மோட்டார் சைக்கிள் பொன்னேரி வழியாகப் பறந்தது. பின்னால் முத்தம்மா வேண்டாத தெய்வமில்லை. ரங்கசாமி பஸ்ஸில்தான் வந்தார். அவசரத்துக்கு அவர் கொடுத்த மரியாதை அவ்வளவுதான்.

எல்லாரும் ஓடத்தில் காயலைக் கடந்து பீரங்கி மேட்டில் ஏறியபோது உச்சி வெயில். யேசுதாஸ் ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே நடந்தான். இருட்டு அறைகள், சுவரில் அழியாத இங்கிலீஷ் எழுத்துகள், குண்டு மருந்து ஏற்றிப்போகும் குட்டி டிராலி! குழியிலிருந்து காயல் பக்கத்துப் படகுத்துறை வரை அதற்குத் தண்டவாளமே இருந்தது. அவன் டிராலியைத் தொட்டான். முனகாமல் உருண்டது.

"நாங்கள்தான் மணலுக்குள்ளிருந்து தோண்டி எடுத்தோம்" என்றார் ஜெயராஜ் பெருமையோடு. வெயிலில் கறுத்த, கண்ணாடி போட்ட மனிதர். அழுது சிவந்த கண்கள். "ஞாயிற்றுக்கிழமைதான் மாணவர்கள் வருவார்கள். மற்ற நாளில் நான் மட்டும் கூடாரத்தில் தங்குவேன். நேற்றுப் பொன்னேரிக்குச் சாமான் வாங்கப் போயிருந்தேன். அதற்குள் இப்படி! அந்த லோகையா ஆட்கள் இரும்பு அறுக்கிற மெஷினோடு ஒரு வாரமாகச் சுற்றினார்கள் சார். எனக்குத் தூக்கமே இல்லை."

லோகையா கும்மிடிப்பூண்டியில் காயலான் கடை வைத்திருப்பவர். அவரும் அங்கேதான் நின்றுகொண்டிருந்தார். "நைனா, ஏலத்துல எடுத்தா மொத்த பீரங்கியும் எனக்கு. நான் ஏன் ஒரு துண்டத் திருடணும்?" என்று கையை விரித்தார்.

"ஏலம் வரணும்னுதான் திருடியிருக்கே!" என்று யேசுதாஸ் பாய்ந்தான். லோகையாவின் முகம் சுருங்கியது. வழக்கு முடிந்துவிட்டது என்றே யேசுதாஸ் நினைத்தான்.

ரங்கசாமி பீரங்கியின் பின்புறம் குனிந்து பார்த்தார். கதவு இருந்த இடம் வெறுமையாக இருந்தது. அதைத் தாங்கியிருந்த பித்தளை முளை மட்டும் கழுவித் துடைத்து அதன் துளையிலேயே செருகப்பட்டிருந்தது. பக்கத்தில் மணல் வாரப் பயன்படும் ஆளுயர முக்காலிச் சட்டமும் சங்கிலிக் கப்பியும். கூடாரத்து வாசலில் ஒரு கிரீஸ் டப்பா. அடி வரை வழித்திருந்தது.

"இந்த ஜனங்கள் திருடர்கள் இல்லை சார்" என்றார் ஜெயராஜ் திடீரென்று. "வலை கட்டத் தண்ணீரில் ஒருவர் கழி நட்டால் இன்னொருவர் தொடமாட்டார். பூட்டே வேண்டாம். அப்படிப்பட்ட நாணயம்."

"அப்படியா?" என்று கேட்டுவிட்டு ரங்கசாமி காயலைப் பார்த்தார். தண்ணீர் நடுவே ஒற்றைக் கழி நின்றது. "முத்தம்மா, வடக்குக் குப்பத்தார் கத்தினது அதுக்காகவா?"

"ஆமா சார். அந்த எடம் இன்னிலேந்து அவங்க பாடு. அவங்க மொற. மொற மாறுறதுக்கு முந்தியே நம்ம கழி அத்தினியும் புடுங்கிடணும். நேத்து மத்தியானமே புடுங்கிட்டுத்தான் எங்காளுங்க சீட்டெடுக்கப் போனாங்க. அப்பால இது எப்பிடி மொளச்சிதுன்னு தெரியல. பஞ்சாயத்து சொல்றவரைக்கும் யாரும் தொடக்கூடாது."

ரங்கசாமி கடைசிக் கடலையை வாயில் போட்டுக்கொண்டார். "யேசு, இன்ஸ்பெக்டரைக் கூப்பிடு. துலுக்காணத்தையும் கூட்டிவரச் சொல்."

மாலையில் இன்ஸ்பெக்டர் பாக்கியநாதன் தெற்கே சுற்றிவரும் மணல் பாதை வழியாக ஜீப்பில் வந்தார். துலுக்காணத்தைப் போலீஸ் ஜீப்பிலேயே உட்கார வைத்துவிட்டு, "வெள்ளனே சொல்லுங்க. ஆபீசர் வர நேரமாச்சு" என்றார். இரண்டு குப்பத்து ஆட்களும் குழியைச் சுற்றிக் கூடிவிட்டார்கள்.

"லோகையா இல்லை" என்று ஆரம்பித்தார் ரங்கசாமி. யேசுதாஸின் முகம் தொங்கிப்போயிற்று. "காயலான் கடைக்காரன் பித்தளையை விட்டுட்டு இரும்பைத் தூக்குவானா? இந்த முளையைத் துடைச்சு, தொலையாம இருக்கட்டும்னு பழைய இடத்துலயே செருகியிருக்காங்க. எடுத்தவருக்கு அந்தக் கதவை மறுபடி மாட்டணும்கிற எண்ணம் இருந்திருக்கு."

"சரி, கிரீஸ்?" என்றார் இன்ஸ்பெக்டர்.

"புதுக் கிரீஸ். துருப்பிடிக்காம இருக்கக் கதவு முழுக்கப் பூசியிருக்காங்க. உடைச்சு விக்கப்போற சாமானை எவனாவது எண்ணெய் தேய்ச்சுக் குளிப்பாட்டுவானா? கப்பியால தூக்கி, டிராலியில வச்சு, துறைக்குத் தள்ளி, அங்கே கிடந்த படகுல ஏத்தியிருக்காங்க. ஒத்தை ஆள் போதும். அந்தப் படகு துலுக்காணத்தோடதா அமைஞ்சது அவர் தலையெழுத்து."

"அவரே செஞ்சிருக்கலாமே?"

"தண்ணியில இறக்கினவர் அடையாளத்துக்குக் கழி நட்டார். முறை மாறுற நாள்ல, இன்னொரு குப்பத்தோட பாடு எடத்துல! இங்கே பொறந்த எவனும் கனவுலகூட அதைச் செய்ய மாட்டான். கழியைத் தொடமாட்டாங்கன்னு பாதி வழக்கம் தெரிஞ்சு, எப்ப புடுங்கணும்கிற மீதி தெரியாத ஒருத்தர்தான் செஞ்சிருக்கணும். அரைகுறை வித்தை ஆபத்துன்னு சும்மாவா சொன்னாங்க?"

யேசுதாஸ் திரும்பிப் பார்த்தான். ஜெயராஜ் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, தொப்பென்று மணலில் உட்கார்ந்திருந்தார்.

வடக்குக் குப்பத்துத் தலைவர் தலையசைத்ததும் நாலு பேர் தண்ணீரில் குதித்தார்கள். கழியின் அடியில் கயிறு, கயிற்றின் முனையில் தார்ப்பாய் மூட்டை. கரையில் பிரித்தபோது கிரீஸ் பளபளக்கக் கதவு கிடந்தது. கூட்டம் ஹோவென்று கூவியது. யேசுதாஸ் துள்ளியே குதித்துவிட்டான்.

"ஆபீசர் வருவதற்குள் லோகையா ஆட்கள் அறுத்துவிடுவார்கள் என்று பயந்தேன்" என்றார் ஜெயராஜ். "நேற்றுப் பொன்னேரிக்குப் போகவே இல்லை. கொஞ்ச நேரம் மறைத்து வைத்து, நானே கண்டுபிடித்தாற்போல் எடுக்க நினைத்தேன். இவர்மேல் பழி விழும் என்று நினைக்கவில்லை. விழுந்த பிறகு, சொன்னால் என் பேர் போய்விடும், கோட்டையும் போய்விடும் என்று வாயைத் திறக்க முடியவில்லை."

முத்தம்மா அவர் எதிரே வந்து நின்றாள். அவள் குரல் உயரவில்லை.

"கல்லுக்கும் இரும்புக்கும் அழுதியே சார். காலைல எங்க ஆள வெலங்கு போட்டு இட்டுக்கினு போனப்போ நீயும் இங்கதான நின்னுகினு இருந்தே? ரெண்டு வருசமா எங்க ஊட்டுக் கஞ்சியக் குட்ச்சியே. அந்த ஆளு இன்னா, ஒடஞ்ச செங்கல்லா?"

யேசுதாஸுக்குத் தன் துள்ளலை நினைத்து வெட்கமாக இருந்தது.

தூரத்தில் ஆபீசரின் கார் புழுதி கிளப்பிக்கொண்டு வந்தது. கதவை மாட்ட ஆட்கள் ஓடினார்கள். ஜெயராஜ் ஓடவில்லை. இரண்டு வருஷம் காத்திருந்த அந்தக் காரை ஒருமுறை பார்த்துவிட்டு, மெதுவாகப் போலீஸ் ஜீப்பை நோக்கி நடந்தார். இன்ஸ்பெக்டர் விலங்கைக் கழற்றியதும் துலுக்காணம் இறங்கினான். அவன் உட்கார்ந்திருந்த இடத்தில் ஜெயராஜ் ஏறி உட்கார்ந்தார்.