டெல்பர்ட்டின் கேப் துப்பாக்கி

"வெர்னா, இது என்னுது இல்ல. நான் சாப்பிடப் போன நேரத்துல எவனோ என் துப்பாக்கியைத் தூக்கிட்டு இதை வெச்சிட்டுப் போயிருக்கான்."

கேப் வெடிக்கும் அந்தப் பொம்மைத் துப்பாக்கியை மேசைமேல் வைத்தார் ஹார்லன் பென்னர். ஐம்பது வயதுக் கோதுமை விவசாயி. ஆலங்கட்டி மழையில் மொத்த விளைச்சல் போன வருடம்கூட அவர் முகம் இப்படிக் கறுத்ததில்லை.

வெர்னா அன்ரூ காப்பிக் கோப்பையைக் கீழே வைத்தாள். எரிந்துபோன கொட்டகைக்குக் காப்பீடு கேட்டு வருகிறவர்களில் யார் தாமே கொளுத்தியவர் என்று கண்டுபிடிப்பதிலேயே வேலைக்காலத்தைக் கழித்தவள். ஓய்வு பெற்றபின், வசந்தம் வந்தால் கன்சாஸில் நடக்கும் இந்தப் பழைய பொம்மைச் சந்தையில் கடை போடுவாள். பக்கத்தில் கணவர் டுவேன். மனைவியை முந்திக்கொண்டு குற்றவாளியைப் பிடித்துவிடுவது டுவேனின் வழக்கம். பிடித்த ஆள் எப்போதும் தப்பான ஆளாக இருப்பான், அவ்வளவுதான்.

சந்தை மண்டபம் முழுக்க நரைத்த கௌபாய்கள்தான். விளக்குமாற்றுக் குதிரையில் ஏறி, இடுப்பில் இரண்டு துப்பாக்கி கட்டி, கொல்லையில் ஊளையிட்டுத் திரிந்த அதே பையன்கள். அன்று புழுதியில் தொலைத்ததை இன்று கண்ணாடிப் பெட்டியில் வைத்துப் பூட்டுகிறார்கள். அவர்களைப் பார்த்தால் சிரிப்பும் வரும், மனசும் இளகும்.

"இது பளபளன்னு இருக்கே ஹார்லன். உன்னுதைவிட ஒசத்தி போலிருக்கு" என்றார் டுவேன்.

"எனக்கு ஒசத்தி வேணாம், என்னுதுதான் வேணும்!" என்றார் ஹார்லன். "அது எங்கண்ணன் டெல்பர்ட்டோடது. போலியோ வந்த கோடையில போயிட்டான். தொத்திக்கும்னு டாக்டர் சொன்னாருன்னு எங்கம்மா அவன் சட்டை, படுக்கை, பொம்மை எல்லாத்தையும் கொல்லையில போட்டுக் கொளுத்திட்டாங்க. இதை மட்டும் நான் கோழிக்கூண்டுல ஒளிச்சு வெச்சேன். ஒடைஞ்ச கைப்பிடியில அவனே சுத்தின டேப்பு இருந்துச்சு. அதுல அவன் கையழுக்கு இருக்கு வெர்னா. அவன் தொட்டதுன்னு ஒலகத்துல வேற ஒண்ணுமே இல்ல."

டுவேன் மரியாதைக்குத் தொப்பியைக் கழற்றினார். அடுத்த நொடியே திரும்பப் போட்டுக்கொண்டார். "கிளிஃபர்ட் டைக்! காலையிலேருந்து அதைக் குடு குடுன்னு உன் உயிரை வாங்கினவன் அவன்தான். வா, பிடிச்சிடலாம்!"

"உக்காரு டுவேன். பழசைத் திருடறவன் எதுக்குப் புதுசா ஒண்ணை விட்டுட்டுப் போறான்?"

வெர்னா துப்பாக்கியின் பக்கவாட்டில் கேப் சுருளைப் போடும் சின்னக் கதவைத் திறந்தாள். கீலை நகத்தால் தடவினாள். "ஹார்லன், இந்தக் கீல்ல இருக்கறது கம்பெனிக் கம்பி இல்லையே. ஆணியை வெட்டிச் சொருகினது மாதிரி இருக்கு."

"அது எங்கப்பா போட்டது. கம்பி தொலைஞ்சுதுன்னு வேலி ஆணியை..." ஹார்லன் வாயைப் பிளந்து நின்றார்.

"அப்ப துப்பாக்கி உன்னுதேதான். யாரும் மாத்தல. யாரோ இதுக்கு ஒப்பனை பண்ணியிருக்காங்க. இந்தத் திருகாணி பழசு, ஆனா திருப்புளி விழற காடியில கீறல் புதுசு. பூவேலைக்குள்ள பாரு, பாலிஷ் பசை இன்னும் காயக்கூட இல்ல. கைப்பிடிதான் வேற."

"என் கைப்பிடி எங்க?"

"கண்டுபிடிப்போம். உன் மேசையை யாரு பாத்துக்கிட்டா?"

"பக்கத்து மேசை ஆர்வில் ஃப்ரீசன். பாவம், அவன் அந்தண்டை திரும்பின நேரமா பாத்து எவனோ செஞ்சிருக்கான். அவன் இப்பத்தான் சாப்பிடப் போனான்."

"உதிரிப் பாகம் விக்கறவனும் கிளிஃபர்ட்தான்! அவனும் இப்ப சாப்பாட்டுலதான் இருக்கான்!" டுவேன் விடுவதாக இல்லை. வெர்னா தடுப்பதற்குள் ஹார்லன் சாப்பாட்டுக் கூடத்தை நோக்கிப் பாதி தூரம் போயிருந்தார்.

தேவாலயப் பெண்கள் கறியும் பீன்ஸும் போட்ட காரமான சில்லிக் குழம்பும், பட்டைப்பொடி தூவிச் சுருட்டிய இனிப்பு ரொட்டியான சினமன் ரோலும் பரிமாறிக்கொண்டிருந்தார்கள். எங்கள் பக்கத்தில் இந்த இரண்டையும் சேர்த்துத்தான் சாப்பிடுவது. ரோலைக் கையால் பிய்த்துக் குழம்பில் தோய்க்க வேண்டும். கிளிஃபர்ட் அப்படித் தோய்த்து வாய்க்குக் கொண்டுபோன நேரத்தில் ஹார்லன் அவர் சட்டைக் காலரைப் பற்றினார்.

"எங்கண்ணன் கைப்பிடியை எங்கடா வெச்சிருக்க?"

"யோவ், பைத்தியமா உனக்கு? குழம்பு கொட்டுது பாரு!"

எதிரில் ஆர்வில் ஃப்ரீசன் உட்கார்ந்திருந்தார். ஹார்லன் வருவதைப் பார்த்ததும் கல்யாண வீட்டுக்காரர் போல மலர்ந்த அவர் முகம், "எங்கண்ணன்" என்ற சொல்லைக் கேட்டதும் சுருங்கிப்போனது. தலையைக் குனிந்து, ரோலை முள்கரண்டியால் குத்தித் தின்ன ஆரம்பித்தார்.

பதற்றத்திலும் டுவேனுக்கு நக்கல் வந்தது. "என்ன ஆர்வில், முள்கரண்டியெல்லாம்? அரண்மனை விருந்தா?"

வெர்னா நின்றாள். "ஹார்லன், அந்த மனுசனை விடு. கிளிஃபர்ட் விரலைப் பாரு, குழம்பு மட்டும்தான் ஒட்டியிருக்கு. பழைய ஒலோகத்துக்குப் பாலிஷ் போட்டா விரல் கறுத்துப்போயிடும். சோப்புக்கும் போகாது. அந்தக் கையால ரோலைத் தொட யாருக்கும் மனசு வராது." அவள் குரல் தணிந்தது. "ஆர்வில், கையைக் காட்டுப்பா."

ஆர்வில் முள்கரண்டியை வைத்துவிட்டுக் கைகளை விரித்தார். பத்து விரலும் கரி.

"உன் பொறந்தநாளுக்குன்னுதான்டா செஞ்சேன்" என்றார் அழமாட்டாத குறையாக. "ஒடைஞ்ச கைப்பிடியைப் பாத்தா என் கை சும்மா இருக்காது. என்கிட்ட இருந்ததுலயே நல்ல கைப்பிடியா எடுத்துப் போட்டேன். அண்ணனுதுன்னு நீ சொன்னதே இல்லையேடா!"

சொன்னதில்லைதான். முப்பது வருடச் சிநேகிதர்கள். ஆனால் எங்கள் ஊர் ஆண்கள் மழையைப் பற்றிப் பேசுவார்கள், டிராக்டரைப் பற்றிப் பேசுவார்கள். செத்துப்போன அண்ணனைப் பற்றிப் பேசமாட்டார்கள்.

"பழசை என்ன பண்ணின?" என்றாள் வெர்னா.

ஆர்வில் குப்பைத் தொட்டியை நோக்கி ஓடினார். தோள்வரை கையை விட்டு எச்சில் கிண்ணங்களையும் காகிதத் தட்டுகளையும் வாரி வெளியே போட்டார். டுவேன் மண்டியிட்டார். காலர் கசங்கிய கிளிஃபர்டும் மண்டியிட்டார். கடைசியில் காகிதக் கைக்குட்டையில் சுற்றிய ஒரு பொட்டலம் அகப்பட்டது. உள்ளே டேப்போடு அந்தக் கைப்பிடி, குழம்பு படாமல், அழுக்கு மாறாமல்.

ஆர்விலின் கரிபிடித்த விரல்களுக்குத் திருகாணி அடங்கவில்லை. ஹார்லனே வாங்கி முடுக்கினார். மினுமினுக்கும் துப்பாக்கி, கன்னங்கரேலென்ற பிடி. பார்க்கச் சகிக்காத ஜோடிதான். அவர் அதை வெகுநேரம் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"டெல்பர்ட்டு இதைத் தெனமும் சட்டையில தேய்ப்பான், பளபளன்னு வரணும்னு" என்றார். "அவனுக்கு வரவே இல்ல." பிறகு திரும்பினார். "கிளிஃபர்ட், ஒரு கேப் சுருள் குடு."

சேகரிக்கிறவர்கள் பழைய துப்பாக்கியில் கேப் வெடிக்கமாட்டார்கள். கேப் மருந்து உலோகத்தை அரித்துவிடும். ஹார்லன் சுருளைப் போட்டு, கதவை மூடி, ஆர்விலின் நெஞ்சுக்கு நேராக நீட்டினார்.

பட்!

நீலப் புகை எழுந்தது. அந்தக் கருகல் வாசனை மேசை மேசையாகப் பரவ, நரைத்த தலைகள் ஒவ்வொன்றாக நிமிர்ந்தன. வெர்னாகூடக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

ஆர்வில் திருதிருவென விழித்தபடி நின்றார்.

"டேய், சுட்டுட்டேன்ல?" என்றார் ஹார்லன், கன்னத்தில் கண்ணீர் ஓட. "விழுடா!"

ஆர்வில் இரண்டு கையாலும் நெஞ்சைப் பிடித்துக்கொண்டார். ஒரு சுற்றுச் சுற்றினார். மூட்டுவலியைக்கூடப் பார்க்காமல், சிந்திக் கிடந்த எச்சில் கிண்ணங்களுக்கு நடுவே மல்லாக்க விழுந்து செத்தார்.